அழியும் வலைத்தளங்களும் சுவைஞர் படைப்புகளும்

ஒரு கதையில் ஈடுபட்ட சுவைஞர், அக்கதை மாந்தரைக் கொண்டு தாமே புதுக்கதை புனைந்து தம்முள் வழங்கிவருதல் அமெரிக்கா முதலிய நாடுகளில் வேரூன்றிய வழக்கமாகும். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் சுவைஞர் 1967-இல் வெளியிட்ட ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் இதழ் இவ்வகையில் முற்பட்டவற்றுள் ஒன்று. இத்தகைய படைப்புகளை வழிநூல் என்பதா, சார்புநூல் என்பதா என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு நாம் கருதுவது அவற்றைக் காக்கும் முறையினையே.

தாளிதழ் பல வீடுகளில் பல படிகளாகச் சிதறிக் கிடந்தமையால், ஒன்று அழியினும் மற்றொன்று எஞ்சுதற்கு வாய்ப்பிருந்தது. இணையத்திற்கு வந்தபின், ஆயிரவர் படித்த கதையும் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியை மட்டுமே பற்றி நின்றது. படிப்போர் பெருகினர், படிகள் அருகின. அந்நிறுவனம் கடையைக் கட்டின், ஒரு தலைமுறையின் எழுத்து ஒரே நாளில் மறையும்.

அவ்வாறு மறையவிருந்தது ‘ஜியோசிட்டீஸ்’. 1994-இல் தோன்றிய இத்தளத்தில் எவரும் கட்டணமின்றித் தமக்கெனப் பக்கம் அமைத்துக்கொள்ள இயன்றது. பக்கங்கள் பொருள் நோக்கிப் பல பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன. அறிவியற் புனைகதையில் ஈடுபட்டோர் ‘ஏரியா 51’ என்னும் பகுதியிற் குடியேறினர். 1999-இல் இதனை விலைக்கு வாங்கிய யாகூ நிறுவனம், 2009 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 26-இல் மூடிவிட்டது. இடையில் இருந்தவை ஆறு திங்களே. பக்கம் அமைத்தோருள் அஞ்சல் முகவரி மாறியவர்க்கும் இறந்துபட்டவர்க்கும் இவ்வறிவிப்பு எங்ஙனம் எட்டும்? உரியவரே வந்து மீட்பர் என்று காத்திருப்பது இத்தகைய இடத்தில் பொருந்தாது.

ஜேசன் ஸ்காட் என்பார் 2009-இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ் டீம்’ என்னும் தன்னார்வக் குழுவினர், எவரையும் கேளாமல் கிடைத்தவற்றையெல்லாம் படியெடுத்தனர். 2010-இல் அவர்கள் வெளியிட்ட தொகுதி ஏறத்தாழ 640 கிகாபைட்டு அளவினது. ஒலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்னும் இருவர் அதனை ஆராய்ந்து, அக்காலப் பொதுமக்கள் பக்கம் அமைத்த பாங்கினை விளக்கியுள்ளனர். தொகுதி இன்றேல் இவ்வாய்வும் இல்லை.

எனினும் தளத்தைப் படியெடுத்தல் வேறு. அதன் சூழலைக் காத்தல் வேறு. அந்நாளில் ஒரு பொருளில் ஈடுபட்ட தளங்கள், ஒன்று அடுத்ததைச் சுட்ட, இறுதித் தளம் முதற் றளத்தைச் சுட்டுமாறு ‘வெப்ரிங்’ என்னும் வளையமாகப் பிணைந்திருந்தன. அந்தாதி மண்டலித்து முடிதல் போன்றது இது. ஆனால் அவ்வளையத்தின் வரிசைக் குறிப்புப் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. ஆதலின் தளங்களை மட்டும் படியெடுத்தார்க்கு மணிகள் கிடைத்தன. கோத்த நூல் கிடைக்கவில்லை. வாசகர் தம் கருத்தை எழுதிச்சென்ற வருகைப் பதிவேடுகள் பலவற்றின் நிலையும் இதுவே. கதையினும் இப்பதிவேடே சுவைஞர் குழுவின் வரலாற்றுக்கு மிகுதியும் பயன்படும் என்பது எம் கருத்து.

சுவைஞர் தாமே மேற்கொண்ட மற்றொரு வழியும் உண்டு. 2007 மே திங்களில் ‘லைவ்ஜர்னல்’ நிறுவனம் ஏறத்தாழ 500 கணக்குகளை முடக்கியது. பின்னர்ப் பலவற்றை மீள அளித்ததாயினும், பிறர் நிலத்தில் வீடு கட்டிய அச்சம் சுவைஞரிடம் நிலைத்துவிட்டது. அவ்வாண்டிலேயே தோன்றிய ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ்’ என்னும் அமைப்பு, ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் காப்பகத்தை 2009 நவம்பரில் பொதுமக்கட்குத் திறந்தது. அதன் ‘ஓப்பன் டோர்ஸ்’ பிரிவு, மூடப்படும் சிறு தளங்களின் கதைகளை அத்தளங்களை நடத்துவோர் இசைவுடன் பெயர்த்து ஏற்கின்றது. ஆசிரியர்க்கு மடல் எழுதுகின்றனர். அவர் தம் கதையை ஏற்றுக்கொள்ளலாம், நீக்குமாறு கேட்கலாம், தம் பெயரை மட்டும் அகற்றிக் கதையை விட்டுவைக்கலாம்.

இம்மூன்றாம் உரிமை சிறுமையுடையதன்று. இளமையிற் புனைபெயரால் எழுதிய ஒருவர் இன்று ஆசிரியராகவோ அரசு அலுவலராகவோ இருக்கக்கூடும். அவர் பெயர் வெளிப்படின் வரும் கேடு அவர்க்கே. ஆதலின், எல்லாம் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் ஆய்வாளர் வேட்கை முற்றும் ஏற்கத்தக்கதன்று. அவ்வாறே, இசைவு பெற்ற பின்னரே படியெடுக்க வேண்டும் என்பதும் பொருந்தாது. யாகூ நிறுவனம் தன் ‘குரூப்ஸ்’ தளத்தின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தபோது முதலிற் குறித்த நாள் டிசம்பர் 14. பின்னர் 2020 சனவரி 31 வரை நீட்டித்தது. இத்துணைச் சிறு காலத்தில் எத்தனை பேரைத் தேடிக் கேட்பது? படியெடுத்தல் உடனே செய்யத்தக்கது. வெளியிடுதல் காத்திருக்கக் கூடியது. இவ்விரு செயலையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே இருசாராரும் பூசலிடுகின்றனர்.

இத்துறையிற் புகும் மாணவர், தாம் மேற்கோள் காட்டும் பக்கத்தை முகவரியோடும் கண்ட நாளோடும் படியெடுத்து வைத்தல் வேண்டும். உறுப்பினர்க்கு மட்டும் உரியதாயிருந்த பகுதியிலிருந்து எடுத்ததாயின், எழுதியவர் இசைவு பெறும்வரை அப்படியைத் தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பிற் சேர்த்தலாகாது.