இன்றைய கிண்ணமா, நாளைய பலமா?

சிறுகக் கட்டிப் பெருக வாழச் சொல்பவர் ஒரு பக்கம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொல்பவர் மறுபக்கம். இந்த இரண்டு பழமொழிகளுக்கும் இடையிலான வழக்கு, அமெரிக்கக் காற்பந்துக் குழுக்களின் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது.

பெயர் காற்பந்து என்றாலும் அங்கே பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். குவார்ட்டர்பேக் எனப்படுபவர் பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்துவார். தேசியக் காற்பந்து லீக்கில் மொத்தம் 32 குழுக்கள். பருவத்தின் முடிவில் நடக்கும் சூப்பர் பவுல் இறுதியாட்டமே அனைவரின் இலக்கு.

பணம் மட்டும் போதாது

இந்த லீக்கில் வசதி படைத்த உரிமையாளர் நினைத்தபடி நட்சத்திரங்களைக் குவித்துவிட முடியாது. அதற்கு இரண்டு விதிகள் காரணம்.

முதலாவது, சம்பள உச்சவரம்பு. 1994ல் நடப்புக்கு வந்த இந்த வரம்பு, 2025 பருவத்தில் குழுவுக்கு 279.2 மில்லியன் டாலராக இருந்தது. 53 பேர் கொண்ட குழுவின் சம்பளத்தை அதற்குள் அடக்க வேண்டும்.

இரண்டாவது, டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வு. ஆண்டுதோறும் ஏப்ரலில் பல்கலைக்கழக விளையாட்டாளர்களைக் குழுக்கள் ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. முந்திய பருவத்தில் கடைசியாக வந்த குழுவுக்கே முதல் வாய்ப்பு. தேர்வாகும் புதுமுகம் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்த சம்பளத்தில் ஆடுவார். ஆகவே முதல் சுற்று வாய்ப்பு என்பது கையிருப்புப் பணம் போன்றது. வரும் ஆண்டுகளின் வாய்ப்புகளைக்கூட மற்றொரு குழுவிடம் கொடுத்து, பெயர்பெற்ற விளையாட்டாளரைப் பெறலாம். கொடுப்பதா, வைத்திருப்பதா என்பதே கேள்வி.

பொறுத்தவர்கள்

கிரீன் பே பேக்கர்ஸ் குழுவின் பொது நிர்வாகியாக 2005ல் பொறுப்பேற்ற டெட் தாம்சன், பொறுமைக்குப் பெயர்போனவர். வெளியிலிருந்து அவர் ஆள் எடுப்பது அபூர்வம். பிரெட் ஃபாவ்ர் எனும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் இருக்கும்போதே, அவ்வாண்டு 24வது தேர்வாக ஏரன் ராஜர்சை எடுத்து மூன்று பருவங்கள் காத்திருக்க வைத்தார். பலன் 2011 பிப்ரவரியில் கிட்டியது. சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸைக் கிரீன் பே 31-25 என்று வென்றது.

ஆனால், கிரீன் பேயில் ராஜர்ஸ் மறுபடி இறுதியாட்டத்தைக் காணவில்லை. 2014, 2016, 2019, 2020 ஆகிய நான்கு பருவங்களில் அதற்கு முந்திய சுற்றில் தோல்வி. தாம்சனுக்குப் பின் வந்த நிர்வாகமும் 2020ல் முதல் சுற்று வாய்ப்பை ராஜர்சுக்குக் கைகொடுப்பவருக்காகச் செலவிடவில்லை. அவருக்கு அடுத்து வரக்கூடிய ஜோர்டன் லவ்வையே தேர்ந்தெடுத்தது. 2023ல் ராஜர்ஸ் வெளியேற, லவ் அதே பருவத்தில் குழுவை வெளியேற்றச் சுற்றுக்கு அழைத்துச் சென்றார். குழு தழைத்தது. ஒரு மாபெரும் விளையாட்டாளரின் நல்ல காலமோ ஒரே கிண்ணத்தோடு கழிந்தது. வாய்ப்புகளைச் சேமிக்கலாம், வயதைச் சேமிக்க முடியாது.

துணிந்தவர்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் நேர்மாறான வழியில் சென்றது. அதன் நிர்வாகி லெஸ் ஸ்னீட், 2019ல் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்துத் தற்காப்பாளர் ஜேலன் ராம்சியைப் பெற்றார். 2021ல் மேலும் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளோடு குவார்ட்டர்பேக் ஜேரட் கோஃபையும் டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து, மேத்யூ ஸ்டாஃபர்டைக் கொண்டுவந்தார். 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் ரேம்ஸ் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 2022 பிப்ரவரியில், சொந்தத் திடலிலேயே சின்சினாட்டி பெங்கால்ஸை 23-20 என்று வென்று சூப்பர் பவுலைக் கைப்பற்றியது.

கடனுக்கு வட்டி அடுத்த பருவமே வந்தது. நட்சத்திரங்கள் பலர் காயமுற, 17 ஆட்டங்களில் 12 தோல்வி.

துணிச்சலின் அடித்தளம்

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்த இறுதியாட்டத்தில் வெற்றிப் புள்ளிகளைத் தேடித்தந்த கூப்பர் கப், காசைக் கொட்டி வாங்கப்பட்டவர் அல்லர். 2017ல் மூன்றாம் சுற்றில் ரேம்ஸ் தானே கண்டெடுத்தவர். 2023ல் குழு மீண்டெழ உதவிய புக்கா நாக்குவா ஐந்தாம் சுற்றுத் தேர்வு. சிலருக்குப் பெரும் சம்பளம் கொடுத்தால், மற்றவர்களைக் குறைந்த செலவில் தேட வேண்டும். துணிந்து செலவிடும் குழுவுக்குத்தான் சில்லறையை எண்ணும் பொறுமை அதிகம் தேவை.

அந்த அடித்தளம் இல்லாமல் ஒருவரையே நம்பினால் என்னவாகும் என்பதற்கு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் சான்று. 2022ல் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து டிஷான் வாட்சனைப் பெற்ற அக்குழு, 230 மில்லியன் டாலர் சம்பளத்துக்கு முழு உத்தரவாதமும் அளித்தது. தடையாலும் காயங்களாலும் முதல் மூன்று பருவங்களில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள் மட்டுமே.

மறுபக்கம், ஸ்டாஃபர்டைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் குழுவைக் கட்டிய டெட்ராய்ட், 2024 ஜனவரியில் கோஃபின் தலைமையில் ரேம்ஸையே 24-23 என்று வென்றது. வெளியேற்றச் சுற்றில் 32 ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஒரே பேரத்தில் இரு தரப்புக்கும் லாபம்!

காலம் பார்த்துக் கைநீட்டுவதே திறமை. சேமிப்புக்குப் பெயர்போன கிரீன் பேகூட, 2025 ஆகஸ்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து மைக்கா பார்சன்சை அழைத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் முழங்கால் காயம் அவரை வெளியே உட்காரவைத்தது. சேமித்தவருக்கு உள்ள கவலை ஒன்று, செலவிட்டவருக்கு உள்ள கவலை வேறொன்று. இரண்டில் எதைத் தாங்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கும் குழுவே நிலைக்கிறது.