'கோ' வினையும் காஞ்சிபுரக் கோர்வையும்

'கோ' என்னும் வினையடி ஊசியில் நூல் கோத்தல், மணி கோத்தல், கை கோத்தல் எனப் பல வழக்குகளில் பயில்கிறது. இவற்றுள் இணைவன தத்தம் உருவம் இழப்பதில்லை. இவ்வினையினின்று பிறந்த 'கோவை' இலக்கிய வகையையும், 'கோப்பு' அலுவலகத் தாள்தொகுப்பையும் சுட்டுகின்றன. ரகரம் பெற்றுப் பேச்சில் வழங்கும் 'கோர்' என்பதன் வழிப்பட்டது 'கோர்வை'. காஞ்சிபுரப் பட்டுத்தறியில் இது, மூன்று நாடாக்களைக் கொண்டு உடலின் ஊடையையும் இரு கரைகளின் ஊடைகளையும் எல்லையில் ஒன்றோடொன்று மாட்டி நெய்யும் முறையாகும். ஆங்கு நிறங்கள் பிணையும், கலவா. எனவே வினையின் அடிப்படைப் பொருள் இங்கும் நிலைபெறுகிறது. எழுத்துவழக்கு நோக்கி இதனைக் 'கோவை' எனத் திருத்தின், தொழிற்சொல் இலக்கியச்சொல்லோடு மயங்கும். அகராதிகள் 'கோர்வை'யைக் கொச்சை வடிவமென ஒதுக்காது, நெசவுப் பொருளோடு தனிச்சொல்லாகப் பதிதல் தகும்.