தட்டு உங்கள் கையில்; கணக்கு கல்லாவில்!

வயிறு முட்டச் சாப்பிடும் 'பபே' ஓட்டல்களில் நடப்பது என்ன?

"தலைக்கு இவ்வளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்!"

சென்னையில் இந்த ஒரு வரிக்கு இருக்கிற மவுசே தனி. பிறந்த நாளா, கல்யாண நாளா, ஆபீசில் ஒருத்தருக்குப் பிரமோஷனா? கூப்பிடு கும்பலை, போடு வண்டியை பபே ஓட்டலுக்கு!

தி.நகர், வேளச்சேரி, அண்ணா நகர் என்று பெரிய கடைத்தெரு இருக்கிற இடத்தில் எல்லாம் இந்த ஓட்டல்கள் வந்துவிட்டன. சீன நூடுல்ஸ், தாய்லாந்துக் குழம்பு, ஜப்பான் சுஷி, நம்ம ஊர் பிரியாணி எல்லாம் ஒரே வரிசையில் காத்திருக்கின்றன. ஆவி பறக்கிறது. கரண்டி நம் கையில்.

பிறகென்ன? புகுந்து விளையாட வேண்டியதுதான் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் இதைப் படியுங்கள்.

முதல் சுற்றிலேயே 'அவுட்'

பபே ஓட்டலுக்குப் புதிதாகப் போகிறவர் செய்கிற தப்பு ஒன்றுதான். பசி வெறியோடு போகிறார். கண்ணில் பட்ட முதல் பாத்திரத்திலேயே விழுந்துவிடுகிறார்.

அந்த முதல் பாத்திரத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் சூப், சாலட், வறுத்த நூடுல்ஸ், பிரைட் ரைஸ். எல்லாம் வயிற்றை அடைக்கிற சரக்கு. ஓட்டல்காரருக்கு அடக்க விலை குறைந்த சரக்கும் இதுதான்.

இறால், மீன், நண்டு எங்கே? வரிசையின் கடைசியில் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு சமையல்காரர் நின்றுகொண்டு, கேட்டவருக்குக் கேட்டபோது கொஞ்சமாகச் செய்து கொடுப்பார். அங்கே ஒரு சின்ன கியூ. நாலு பேருக்குப் பின்னால் நின்று வாங்கி வருவதற்குள், தட்டில் இருக்கிற நூடுல்ஸ் பாதி வயிற்றை நிரப்பிவிடும்.

சில ஓட்டல்களில் மேஜை நடுவிலேயே கரி அடுப்பு. கம்பியில் கோர்த்த கோழியும் இறாலும் அன்னாசியும் வந்துகொண்டே இருக்கும். மேஜையில் ஒரு குட்டிக் கொடி. கொடி நிற்கிறவரை சர்வர் விடமாட்டார். கொடியைச் சாய்த்தால்தான் "போதும்டா சாமி" என்று அர்த்தம். அதற்குள் முக்கால்வாசிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும். பின்னால் இருக்கிற பிரியாணி வரிசையையும் பாயாச வரிசையையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவதோடு சரி!

தட்டும் சின்னது. கூல் டிரிங்க்ஸ் பல இடங்களில் கணக்கில் சேராது. தனி பில். காரமாகச் சாப்பிட்டவர் கேட்காமல் இருப்பாரா?

இதில் மோசடி எதுவும் இல்லை. வியாபாரம். ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மெஸ் வேறு, பபே வேறு

"நம்ம ஊரில் இல்லாத அளவில்லாச் சாப்பாடா?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. 'முழுச் சாப்பாடு' என்று போர்டு மாட்டி நம் மெஸ்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்துவருகின்றன. ஆனால் அங்கே கரண்டி சர்வர் கையில். சாம்பார் வாளியோடு அவர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் சோறு. மூன்றாவது தடவை கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதிப் பேருக்குப் பசி அடங்கிவிடும்.

பபேயில் அந்தப் பார்வை கிடையாது. அதனால்தான் தட்டு மலையாகிறது. அதனால்தான் பாதி மலை தொட்டிக்கும் போகிறது.

ஜப்பானில் பெயரே 'வைக்கிங்'

ஆசிய நாடுகளில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பிள்ளையார் சுழி போட்டது ஜப்பான்.

டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டலில் 1958 ஆகஸ்டில் இப்படி ஒரு சாப்பாட்டுக் கூடம் திறந்தார்கள். வட ஐரோப்பாவில் மேஜை நிறைய பதார்த்தங்களைப் பரப்பி, வேண்டியதை எடுத்துச் சாப்பிடுகிற வழக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து செய்த ஏற்பாடு அது. அந்த ஆண்டு வந்த 'தி வைக்கிங்ஸ்' என்ற ஹாலிவுட் படம் அப்போது பேச்சாக இருந்தது. ஓட்டலுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் ஜப்பானில் பபேக்கு 'பைகிங்கு' என்றுதான் பெயர். கடற்கொள்ளைக்காரர் பெயர் சாப்பாட்டுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஆனால் ஜப்பான்காரர் உஷார். பல கடைகளில் 90 நிமிடம் அல்லது 2 மணி நேரம் என்று கெடு. மணி ஆனால் எழுந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டே வாரத்தில் மூடுவிழா

அந்த உஷார் இல்லாத ஓட்டல் கதி என்ன ஆகும்? சீனாவின் செங்டு நகரில் 2018 ஜூனில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே 'ஹாட் பாட்' என்ற சாப்பாடு பிரபலம். மேஜையில் கொதிக்கிற குழம்பு. இறைச்சி, காய், காளான் எல்லாவற்றையும் அதில் முக்கி வேகவைத்துச் சாப்பிட வேண்டும்.

ஒரு ஹாட் பாட் கடைக்காரர் கூட்டம் சேர்க்க ஒரு திட்டம் போட்டார். 120 யுவான் கட்டி அட்டை வாங்கினால், மாதம் முழுவதும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்! நம் காசில் அப்போது சுமார் 1,250 ரூபாய்தான்.

நஷ்டம் வரும் என்று கடைக்காரருக்கே தெரியும். வாடிக்கையாளர் கூட்டத்தைப் பிடித்துவிட்டால் சரக்குக்காரரிடம் விலையைக் குறைத்துப் பேசலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் ஜனங்கள் போட்ட கணக்கு வேறு!

கடை திறக்கும் முன்பே கியூ. நள்ளிரவு வரை கூட்டம். நாளுக்கு 500 பேருக்கு மேல். அட்டை வாங்கியவர் தான் சாப்பிட்டது போதாது என்று, அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் அட்டையை இரவல் கொடுத்தார்.  

இரண்டே வாரம். கடன் 5 லட்சம் யுவான்! நம் காசில் ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய். கடைக் கதவு சாத்தப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாடிக்கையாளர்களின் போக்கைவிடத் தங்கள் நிர்வாகம் சரியில்லாததே முக்கியக் காரணம் என்று கடைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சலுகை அட்டை, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போர்டு மாட்டும் நம் கடைக்காரர்களும் இதை நினைவில் வைக்கலாம்.

நாலு கிலோ இறால்!

அதே சீனாவில் சாங்ஷா நகரில் 2021 நவம்பரில் இன்னொரு கூத்து.

சாப்பிடுவதைப் படம் பிடித்து இணையத்தில் நேரடியாகக் காட்டிப் பிழைக்கிற ஆசாமி ஒருவர், ஒரு கடல் உணவு பபேக்குப் போனார். முதல் தடவை ஒன்றரை கிலோ பன்றிக் கால். அடுத்த தடவை ஏறத்தாழ நாலு கிலோ இறால்! இறாலை எல்லோரும் இடுக்கியால் எடுத்தால், இவர் தட்டையே தூக்கிக்கொண்டு போகிறார் என்று கடைக்காரர் புலம்பினார். வருகிற ஒவ்வொரு தடவையும் சில நூறு யுவான் நஷ்டமாம்.

கடைசியில் "இனி இந்தப் பக்கம் வராதே" என்று தடை போட்டுவிட்டார்.

"நிறையச் சாப்பிட முடிவது என் குற்றமா? ஒரு பருக்கை வீணாக்கவில்லையே!" என்பது சாப்பிட்டவர் கட்சி. சீனாவே இரண்டாகப் பிரிந்து வாதம் செய்தது. எவ்வளவு வேண்டுமானாலும் என்று போர்டு போட்டவர், நாலு கிலோவுக்கு ஏன் கலங்க வேண்டும் என்று ஒரு பக்கம். கடையும் பிழைக்க வேண்டாமா என்று மறுபக்கம்.

மீதி வைத்தால் காசு

அவர் சொன்னதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. நிறையச் சாப்பிடுகிறவரைவிட நிறைய எடுத்துப் போட்டுக்கொண்டு மீதி வைக்கிறவரே ஓட்டல்காரருக்குத் தலைவலி.

சீனாவில் 2021 ஏப்ரல் 29-ந் தேதி இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சாப்பாட்டை ரொம்பவும் வீணாக்குகிறவரிடம் அதை அப்புறப்படுத்தும் செலவை ஓட்டல் வசூலிக்கலாம். ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும்படி எழுதிப் போட வேண்டும். அளவுக்கு மீறித் தின்று காட்டும் படங்களை ஒளிபரப்பினால் 1 லட்சம் யுவான் வரை அபராதம்.

உலகம் முழுக்க 2022-ல் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் ஓட்டல், கேண்டீன் வகையில் மட்டும் 29 கோடி டன். வீட்டில் வீணாவது அதைப்போல இரண்டு பங்கு. ஆக, ஓட்டலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆவி பறக்கிறதா, பாருங்கள்!

காசைவிட முக்கியமான விஷயம் உடம்பு.

சமைத்த சூடான பதார்த்தம் 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிர்ச்சியாகப் பரிமாறுவது 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

முக்கியமாக பிரைட் ரைஸ். சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமி வரும். சோறு வெந்தாலும் இதன் வித்து சாகாது. வடித்த சோற்றை வெளியில் மணிக்கணக்கில் போட்டு வைத்தால் அது முளைத்து விஷத்தைக் கக்கும். அப்புறம் எவ்வளவு சூடாக வறுத்தாலும் அந்த விஷம் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி. 1970-களில் இங்கிலாந்தில் சீன ஓட்டல் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களிடம்தான் இதை டாக்டர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே பாத்திரத்துக்கு அடியில் சூடு இருக்கிறதா, சுஷிக்கு அடியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத்தின் மூடி திறந்தே கிடந்து, சோறு ஆறிப்போயிருந்தால் கை வைக்காதீர்கள். கடை மூடும் நேரத்தில் போவதைவிடக் கூட்டம் இருக்கிற நேரத்தில் போவது நல்லது. பாத்திரம் சீக்கிரம் காலியாகும், புதிது வரும்.

பில்லைப் படியுங்கள்

நாலு பேர் குடும்பம். தலைக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,600. ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 180. ஆக 3,780 ரூபாய்.

இதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று 10 சதவீதம் நுழைந்தால்? 360 ரூபாய் ஏறும். அதற்கும் வரி சேர்ந்து பில் 4,158 ஆகிவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் 378 ரூபாய் காலி!

சர்வீஸ் சார்ஜை ஓட்டல்கள் தாங்களாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி சொல்லிவிட்டது. டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச் 28-ந் தேதி அதைச் சரி என்று தீர்ப்பளித்தது. ஓட்டல் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. கொடுக்க விருப்பம் இல்லாவிட்டால் "எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம். வெட்கம் வேண்டாம். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்கு ஒரு போன்.

அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் பெரிய ஓட்டல்களில் மட்டும் சாப்பாட்டுக்கு வரி 18 சதவீதம். அதே 3,600-க்கு வரி மட்டும் 648. தெரிந்து போங்கள்.

உட்காரும் முன்பே கேளுங்கள்: விலையில் வரி சேர்ந்ததா? குழந்தைக்கு எவ்வளவு? தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசா? மீதி வைத்தால் அபராதம் உண்டா? எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?

உள்ளே போனதும் தட்டை எடுக்காதீர்கள். வரிசை முழுவதையும் ஒரு ரவுண்டு சுற்றிப் பாருங்கள். பிடித்ததைக் கொஞ்சமாக எடுங்கள். வேண்டுமானால் திரும்பப் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

கொடுத்த காசுக்கு வஞ்சம் தீர்க்கிறேன் என்று தின்றால், ஓட்டலில் மிச்சம் பிடித்த காசு மறுநாள் மருந்துக் கடைக்குத்தான் போகும்!