உங்கள் வாசலில் நிற்கும் காடி யாருடையது தெரியுமா?

சாவி உங்கள் கையில், கிராண்டில் உங்கள் பெயர். ஆனால் சுபாங் ஜெயா வீட்டு வாசலில் நிற்கும் அந்த மைவி, லோன் முடியும்வரை சட்டப்படி வங்கியின் சொத்து! 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் உங்களுக்குப் பெயர் 'வாடகைக்கு எடுத்தவர்'. கிராண்டைப் பிரித்துப் பாருங்கள், வங்கியின் உரிமைக் கோரல் அதிலேயே பதிவாகியிருக்கும். வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்று யோசிப்பவர்களில் பலர் இப்போதே வாடகையில்தான் ஓட்டுகிறார்கள்!

காலங்காலமாக நடந்துவந்த பிளாட் ரேட் 3 விழுக்காடு உண்மையில் எவ்வளவு தெரியுமா? 50,000 ரிங்கிட் காடி, 5,000 முன்பணம், 45,000 லோன், 9 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த முறையில் பாக்கி குறையக் குறைய வட்டி குறையாது. ஆண்டுதோறும் முழு 45,000க்கும் போடுவார்கள். மொத்தம் 12,150 ரிங்கிட்! குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 5.5 விழுக்காடு. இன்னும் கேளுங்கள்: அந்த முறையோடு வந்த 'ரூல் 78' கணக்கு வட்டியின் பெரும்பகுதியை முதல் ஆண்டுகளிலேயே எடுத்துக்கொள்ளும். மாதம் 529 வீதம் மூன்று ஆண்டு தவறாமல் 19,050 கட்டியவர் காடியை விற்கப் போனால், வங்கிக்கு இன்னும் 32,675 பாக்கி! அதே லோனை அதே முறையில் 5 ஆண்டுத் தவணைக்கு எடுத்தால் வட்டி 6,750தான். மாதம் 863 கட்ட முடிந்தால் தயங்காதீர்கள்.

மாத வாடகைக்கு எடுக்கும் சந்தாக் காடியில் ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் பொதுவாக மாதக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஓரிரு ஆண்டு வேலைக்காக வந்தவருக்கு அது நல்ல வழி. ஆனால் என்சிடி தெரியுமா? கிளைம் இல்லாமல் ஓட்டினால் முதல் ஆண்டிலேயே 25 விழுக்காடு தள்ளுபடி, ஐந்தாண்டில் 55! சந்தாக் காடியின் பாலிசி அதை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அது உங்கள் கணக்கில் சேராது.

லோன் காடிக்குத் திரும்புவோம்: ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வங்கி காடியை இழுக்க முடியாது என்பது தெரியுமா? பலருக்குத் தெரியாத பெரிய பாதுகாப்பு இது!

தவணை கட்ட முடியாமல் 'சம்பூங் பாயார்' என்று காடியை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் நெஞ்சைப் பதறவைக்கிறது. வங்கியின் சம்மதமில்லாமல் அப்படிக் கொடுப்பது சட்டத்துக்குப் புறம்பு. காடி எங்கோ ஓடும். லோனும் சம்மனும் உங்கள் பெயரிலேயே வரும்!

இரண்டாவது காடிக்குக் கணக்குப் போடுகிறீர்களா? முதலில் ரயிலையும் எண்ணிப் பாருங்கள். 2016 ஜூன் 30 முதல் சுபாங் ஜெயாவின் எஸ்எஸ் 15, தைப்பான், புத்ரா ஹைட்ஸ் வரை எல்ஆர்டி ஓடுகிறது. மலேசியர்களுக்கு மை50 பயண அட்டை மாதம் 50 ரிங்கிட்தான்!