ஓடிவந்த தந்தை

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இல்லம் ஒன்றில், சில மாதங்களுக்கு முன்னர், ஒரு மாலைப் பொழுதில் விருந்தினனாக இருந்தேன். குடும்ப ஜெபம் அப்பொழுதுதான் முடிந்திருந்தது. அன்று வாசிக்கப்பட்டது லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்திலுள்ள கெட்டகுமாரன் உவமை. தந்தை உயிரோடிருக்கையிலேயே தன் பங்கைக் கேட்டு வாங்கித் தூரதேசம் சென்று, அதனை அழித்து, பன்றி மேய்த்து, பசியால் வாடி, வெட்கத்துடன் வீடு திரும்பும் இளைய மகனின் கதை அது.

பாயைச் சுருட்டி வைக்க எழுந்த அம்மம்மாவின் முன், கல்லூரியிற் பயிலும் பேரன் தன் கைத்தொலைபேசியை நீட்டினான். திரையில் ஒரு வண்ணச் சித்திரம். மாளிகை போன்ற வீட்டின் வாயிலில் வெண்டாடியுடன் அரசர் போலத் தந்தை நிற்கிறார், காலடியில் மகன், எங்கும் பொன்னொளி. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் இரண்டு வரி எழுதிக் கேட்டதாகவும், ஒரு நிமிடத்துள் அது வரைந்து தந்ததாகவும் பேரன் பெருமிதத்துடன் கூறினான்.

அம்மம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்குது, தம்பி. ஆனால் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சவர் எண்டெல்லோ இப்ப வாசிச்சனாங்கள்? இவர் வாசலிலை அசையாமல் நிக்கிறாரே!"

பேரன் வேதாகமத்தை மீண்டும் திறந்தான். 20ஆம் வசனம் அம்மம்மாவின் பக்கமே நின்றது. மகன் தொலைவில் வரும்போதே தந்தை அவனைக் காண்கிறார், மனமுருகுகிறார், ஓடுகிறார். அக்காலத்து முறைமையில், மதிப்புக்குரிய முதியவர் ஒருவர் பலர் காண ஓடுவது கௌரவக் குறைவாகும் என உரையாசிரியர் பலர் விளக்குவர். தம் கௌரவத்தினும் மகனைப் பெரிதாக அத்தந்தை எண்ணினார் என்பதன்றோ இவ்வுவமையின் உயிர்! அழகிய சித்திரம் அவ்வுயிரையே தவறவிட்டிருந்தது.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? 2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்களிடையே பரவிய இக்கருவிகள், கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடிணைந்த சொற்குறிப்புகளையும் கொண்டு பயிற்றப்பட்டவை. எச்சொல்லுடன் எவ்வுருவம் சேர்ந்து வரும் என்பதை அவை கணித்து வைத்திருக்கின்றன. நாம் படம் கேட்டதும், ஒழுங்கற்ற புள்ளிகளின் குவியலில் தொடங்கி, நம் சொற்களுக்கு இசைய அதனைப் படிப்படியாகத் திருத்தி உருவமாக்குகின்றன. ஆகவே, அவை தருவது வேதத்தின் கருத்தன்று. வேதக்கதைகளை உலகம் இதுவரை வரைந்துவந்த படங்களின் பொதுச்சாயலேயாகும். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று மத்தேயு கூறவில்லை. கருவியோ பெரும்பாலும் மூவரையே ஒட்டகத்தில் ஏற்றிவிடும். இயேசுவின் முகத்தோற்றத்தைச் சுவிசேஷங்கள் விவரிக்கவில்லை. கருவியோ பெரும்பாலும் ஐரோப்பியச் சாயலையே தரும். நமது நாட்டு ஓவியர் டேவிட் பெயின்ரர், கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயச் சுவரில், தாடியற்ற கிறிஸ்துவைத் துணிந்து தீட்டினார். பழகிய சாயலை விட்டு விலகும் அத்துணிவு, தானாகச் சிந்தித்த மனிதனுக்கு வாய்த்தது.

அப்படியாயின், இத்தகைய படங்களை முற்றாக விலக்கிவிடலாமா? இவ்வினா புதியதன்று. கி.பி. 600ஆம் ஆண்டளவில், மார்செய் நகரத்து ஆயர் செரேனுஸ், மக்கள் வணங்கத் தலைப்பட்டனர் என்பதற்காக ஆலயப் படங்களை உடைத்தெறிந்தார். பாப்பரசர் முதலாம் கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதினார். படங்களை வணங்கலாகாது என்ற எண்ணத்தைப் பாராட்டிய அவர், உடைத்த செயலைக் கண்டித்தார். ஏட்டைப் படிக்க இயலாதோர் சுவரைப் பார்த்தாயினும் அறிந்துகொள்வர் என்பது அவர் கருத்து. படம் தொழுவதற்குரியதன்று, கற்பிக்கும் துணை என்ற அந்த அளவுகோல் இன்றைய இயந்திரச் சித்திரத்துக்கும் பொருந்தும்.

ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்டும் இவ்வுவமையைத் தீட்டினார். அவரும் ஓடும் தந்தையை வரையவில்லை. ஓட்டம் முடிந்த பின்னுள்ள அணைப்பையே வரைந்தார். முழந்தாளிட்ட மகனின் ஒரு காலிலிருந்து பாதணி கழன்று கிடக்கிறது. அவன் முதுகின்மேல் தந்தையின் இரு கைகளும் மெல்ல அமர்ந்திருக்கின்றன. றெம்பிராண்ட் 1642இல் மனைவியை இழந்தவர். 1656இல் கடனால் நொடித்தவர். 1668இல் மகன் தீத்தஸையும் புதைத்தவர். மறு ஆண்டில் தாமும் மறைந்தார். இவ்வோவியம் அவ்விறுதிக் காலத்தைச் சேர்ந்தது. இன்று அது ருஷிய நாட்டின் ஹேர்மிட்டாஜ் நூதனசாலையில் உள்ளது. ஒல்லாந்துக் குருவானவர் ஹென்றி நோவென் 1983இல் இதன் அச்சுப்பிரதி ஒன்றைக் கண்டார். 1986இல் மூல ஓவியத்தின் முன் பல மணிநேரம் அமர்ந்திருந்தார். தம் தியானத்தை 1992இல் நூலாக்கினார். ஒரு படத்துடன் ஒன்பது ஆண்டுகள்! ஒரு நிமிடத்தில் பிறக்கும் படத்தை நாமோ ஒரு நொடியில் தள்ளிவிட்டு அடுத்ததைக் கேட்கிறோம். குறை கருவியிடம் மட்டுமன்று. நம் கண்களிடமும் உண்டு.

மீண்டும் அந்த இல்லத்துக்கு வருவோம். பேரன் தன் வேண்டுகோளைத் திருத்தி எழுதினான். இம்முறை தந்தை, அங்கி காற்றிற் பறக்க, ஓடிவந்தார். அம்மம்மா அதனையும் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லிய குரலில் கேட்டார்:

"ஓடுறதுக்கு முந்தி, எத்தினை நாள் அந்த மனிசன் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்?"

எவரும் விடை கூறவில்லை. அவருடைய இளைய மகன் கடல் கடந்து சென்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. செய்தி வருவதும் நின்றுவிட்டது என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வினா அந்தப் படத்தில் இருக்கவில்லை. காத்திருந்து பழகிய ஒரு தாயின் நெஞ்சில் இருந்தது. படம் அதனை வெளியே அழைத்தது, அவ்வளவே. ஆயினும், அதுவும் சிறிய உதவியன்று.

ஆகவே, இத்தகைய படங்களைப் பிள்ளைகளுடன் பார்க்கும் பெற்றோர், முதலில் வேத பாகத்தை வாசித்துவிட்டுப் பின்னர் படத்தைத் திறப்பாராக. இப்படத்தில் வசனத்துக்கு மாறானது எது, வசனம் கூறாதது எது, வசனம் கூறியும் விடுபட்டது எது என மூன்று கேள்விகளைக் கேட்பாராக. அதன்பின் திரையை அணைத்துவிட்டுச் சற்று மௌனமாக இருப்பாராக. தியானம் தொடங்கும் இடம் அதுவே.