வாவிக்கரைச் சுவரும் உட்போர்வையும்

வெளிச்சுவர் வழியாக அறைக்குள் இறங்கும் வெக்கையைக் குறைப்பதற்காகச் சுவரின் உட்பக்கத்தில் நுரைத்தகட்டையோ தும்புப் பலகையையோ பதித்து மேலே பூசி மூடும் முறை உட்புற வெப்பக்காப்பு எனப்படும். வீட்டுச் சூடு வெளியேறாமலிருக்கக் குளிர்நாடுகளில் வளர்ந்த இம்முறை, மட்டக்களப்பு வாவிக்கரையில் நேர்மாறான வேலைக்கு வருகிறது. 1628 இல் போர்த்துக்கேயர் எழுப்பி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கும் புளியந்தீவைப் போல நீர் சூழ்ந்த இடங்களில், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய சுவருக்குள் வெப்பத்தோடு ஈரமும் உப்பும் சேர்ந்தே புகுகின்றன என்பதால், போர்வையின் தடிப்பை விட இவ்விரண்டின் போக்கையே முதலில் அறிய வேண்டியிருக்கிறது.

வெப்பத்தின் கணக்கு எளிது. கடைகளில் ரெஜிபோம் என்று கேட்டு வாங்கும் வெண்ணிற நுரைத்தகட்டின் நுண்ணறைகளில் காற்று அசையாமல் அடைபட்டிருப்பதால், ஓர் அங்குலத் தகடு ஏறக்குறைய ஒன்றரை அடிச் செங்கற்சுவர் அளவுக்கு வெப்பக் கடத்தலைத் தடுக்கும். எனினும் தடித்த சுவர் வெப்பத்தைத் தடுப்பதோடு நில்லாமல் அதைத் தேக்கியும் வைப்பதால், பிற்பகல் வெயிலைக் குடித்த மேற்குச் சுவர் பல மணி நேரம் கழித்து, பாய் விரிக்கும் வேளையில்தான், அதை அறைக்குள் விடத் தொடங்குகிறது. உட்போர்வையால் பயன் பெறுவன பெரும்பாலும் இத்தகைய மேற்குச் சுவர்களே. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் அமைந்த இவ்வூரில் உச்சிவெயில் கூரைமீதே விழுவதால், நியாயமாகப் பார்த்தால் முதற்செலவு கூரைக்கு உரியது.

உப்பின் கதை சிக்கலானது. நிலத்தடி ஈரம், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும்போது கரைந்த உப்பையும் சுமந்து செல்கிறது. கறியுப்பின் இயல்பு, காற்றின் ஈரப்பதன் எழுபத்தைந்து விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைவதும், அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாவதும் ஆகும். ஆகவே மாரியில் வியர்க்கும் அதே சுவர், கச்சான் காற்று வீசும் கோடையில் வெண்பொடி பூத்து, விரலால் தொட்டாலே மாவாய் உதிர்கிறது. மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டு, உப்பின் தாக்குதலைத் தான் ஏற்று உதிர்ந்து, கல்லைக் காக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுக் கெட்டியான சீமெந்து பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. ஈரச் சுவர்மீது ஒட்டும் நுரைத்தகடும் இதே தவற்றையே செய்யும் என்பதோடு, மறைவில் கறையான் ஏறுவதைக் கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்கிவிடும்.

குளிரூட்டி பொருத்திய அறையில் மற்றோர் இடர் சேர்கிறது. முப்பது பாகை வெப்பமும் எண்பது விழுக்காடு ஈரப்பதனும் கொண்ட வெளிக்காற்று, இருபத்தாறு பாகையளவுக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். குளிர்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றித் தும்புப் போர்வைக்கும் அறைக்கும் இடையில் பொலித்தீன் விரித்தால், வெளியிலிருந்து ஊடுருவும் ஆவி அந்தக் குளிர்ந்த தாளின் முதுகில் நீராகி, பூஞ்சைக்கு விளைநிலமாகும். ஆவித்தடை வேண்டுமாயின் அது வெப்பமான பக்கத்தில், அதாவது இங்கே வெளிப்புறத்தில் அமைய வேண்டியது.

சுவரின் நிலையை அறிய மேசன்மாரை அழைக்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். தரையிலிருந்து முழ உயரத்தில் ஒரு சாண் அகலப் பொலித்தீன் துண்டை வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக மூடி, ஓரிரு நாள் விட்டுப் பார்க்கும்போது, தாளின் உட்புறத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் நின்றால் அது அறைக்காற்றின் ஈரம். முதல் வகையானால், சீமெந்துப் பூச்சை அகற்றிச் சுண்ணாம்பு பூசி, சுவரடியில் மழைநீர் தேங்காமல் வழிசெய்து, ஒரு கோடை முழுவதும் உலரவிட்ட பின்பே போர்வையைப் பற்றிப் பேசலாம்.