முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு பரீட்சை

சனிக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்த கையோடு எமது சங்கக் கட்டடத்தின் பின் அறையில் பாய் விரிக்கப்படும். ஏழு பெண்கள் வந்து அமர்வார்கள். ஐந்து பேர் ஓட்டமாவடி, இரண்டு பேர் வாழைச்சேனை. ஏழு பேருமே பட்டதாரிகள். ஒருவர் தையல் தைக்கிறார். இருவர் சிறு கொடுப்பனவுக்கு முன்பள்ளியில் படிப்பிக்கின்றனர். ஒருவர் கடையில் கணக்கு எழுதுகிறார். மற்றவர்கள் வீட்டோடு இருக்கின்றனர். பட்டதாரிகளை ஆசிரியர் சேவைக்குச் சேர்க்கும் போட்டிப் பரீட்சைக்கு இவர்கள் ஆயத்தமாகிறார்கள். படிப்பிப்பது நான்.

முதல் நாளே ஒரு சகோதரி கேட்டுவிட்டார். "ராத்தா, நீங்களே அந்தச் சோதினை பாஸாகல்லியே, எங்களுக்கு எப்படிப் படிச்சித் தருவீங்க?"

நியாயமான கேள்விதான். 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அங்கே இருந்தார்கள். சமூகவியல் பட்டத்தோடு நானும் சில நாட்கள் அவர்களோடு போய் அமர்ந்தேன். அந்த ஆண்டு கிழக்கு மாகாணத்தில் பட்டதாரி ஆசிரியர்களுக்கான போட்டிப் பரீட்சை நடந்தது. ஒவ்வொரு வினாத்தாளிலும் 40 புள்ளி எடுக்க வேண்டும். ஒன்றில் 61 எடுத்தேன். நுண்ணறிவில் 37. நேரம் போதவில்லை. முதற் பக்கத்தில் விடை வராத ஒரு கணக்கோடு பிடிவாதமாக மல்லுக்கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கே விழுந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆகையால் அதைச் சொல்லித்தர முடியும் என்றேன். அந்தப் பதிலை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வாழைச்சேனைச் சகோதரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் கூப்பிடு தூரம். ஆயினும் எங்கள் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி வலயம், அவர்களுடையவை கல்குடா வலயம். 2002 ஜூனில் வாழைச்சேனையில் கலவரம் மூண்டபோது இரு ஊர்ப் பெண்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் வர அஞ்சினார்கள். இன்று ஒரே பாயில் அமர்ந்து ஒரே வினாத்தாளைப் பார்க்கிறார்கள். வெற்றிடம் குறைவு என்று தெரிந்தும் பக்கத்தில் இருப்பவருக்கு விடையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தப் பரீட்சை கடினமானதா என்று கேட்டால், வினாத்தாளைவிட அதற்கு வெளியே இருப்பவைதான் கடினம் என்பேன். முதலாவது வயது. ஆசிரியர் சேவைக்குப் பொதுவாக 35 வயது எல்லை. விண்ணப்ப முடிவுத் திகதியன்று அந்த வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. முப்பத்தைந்து போதாதா என்று கொழும்பில் இருப்பவர் கேட்கலாம். எங்கள் பிள்ளைகளின் கணக்கைப் பாருங்கள். இடம்பெயர்ந்து அகதி முகாமில் ஒன்றிரண்டு ஆண்டு பாடசாலை இல்லை. வயதுக்கு இரண்டு வகுப்புக் கீழே சேர்க்கப்பட்டார்கள். உயர்தரம் எழுதும்போது 21. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் புகும்போது 23. பகிஷ்கரிப்பு, மூடுதல் எல்லாம் தாண்டிப் பட்டம் கையில் கிடைக்கும்போது 28. அதற்குள் கலியாணம், பிள்ளை. எஞ்சியிருப்பது ஏழு ஆண்டு. அந்த ஏழு ஆண்டில் எத்தனை தடவை விண்ணப்பம் கோருவார்கள் என்பது எவருக்கும் தெரியாது. போர் தின்ற ஆண்டுகளை வயது எல்லை கழித்துக் கொடுப்பதில்லை. கழித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது பாடம். சமூகவியல் எமது பாடசாலைகளில் ஒரு பாடமே இல்லை. உயர்தரத்திலும் இல்லை. வெற்றிடங்களோ கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ் என்று பாடவாரியாகக் கோரப்படும். பல்கலைக்கழகத்தில் பாடம் தெரிவுசெய்தபோது இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. உங்கள் மகள்மார் கலைப்பிரிவில் பாடம் எடுக்கும் நிலையில் இருந்தால் அவர்களிடம் சொல்லி வையுங்கள்: விருப்பமான பாடத்தோடு பாடசாலையில் படிப்பிக்கக்கூடிய ஒரு பாடமும் பட்டத்தில் இருக்கட்டும்.

2020 இல் அரசாங்கம் சுமார் ஐம்பதாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாகச் சேர்த்தது. ஊழியர் சேமலாப நிதி கழிக்கப்பட்டிருந்த பலர் ஏற்கெனவே தொழில் செய்பவர் என்று நிராகரிக்கப்பட்டு மேன்முறையீடு செய்தார்கள். என் பெயரிலும் அந்த நிதி இருந்தது. நான் விண்ணப்பிக்கவே இல்லை. அது என் பிழை. பயிலுநர்களாகப் போனவர்களில் பெருந்தொகையானோர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளிலேயே இருந்தார்கள். அரச சேவையிலுள்ள அத்தகைய பட்டதாரிகளை ஆசிரியராக்க 40 வயது வரை இடங்கொடுத்து ஒரு பரீட்சை அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த அந்தப் பரீட்சையும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றது. வயது எல்லை அழைப்புக்கு அழைப்பு மாறக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம். ஆகையால் "எனக்கு வயது போய்விட்டது" என்று பிறர் சொல்லக் கேட்டு விடாதீர்கள். அறிவித்தலைக் கையில் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கு 34 வயது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லொறியில் போன வாப்பா திரும்பி வரவில்லை. அப்போது இவர் தாயின் வயிற்றில். உம்மா பாய் இழைத்தும் வேளாண்மை வெட்டுக்குப் போயும் இவரைப் படிப்பித்தார். மகள் தனியே வரத் தயங்குவதால் உம்மாவும் வகுப்புக்கு வந்து வாசற்படியில் அமர்ந்திருப்பார்.

ஒரு நாள் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். ஆறு பேர் எட்டு நாளில் முடிக்கும் வேலையை நான்கு பேர் எத்தனை நாளில் முடிப்பர்? பட்டதாரிகள் எழுவரும் தாளில் கோடு கிழித்துக்கொண்டிருக்க வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "இதுக்கா புள்ள பேனையத் தூக்குறீங்க? ஆறு பேர் எட்டு நாளெண்டா நாப்பத்தெட்டு ஆள்கூலி. நாலு பேரெண்டா பன்னிரண்டு நாள் போகும்." குத்தகைக்கு வயல் வெட்டியவருக்கு இது நாளாந்தக் கணக்கு. அதற்குப் பிறகு அவரைப் படியில் இருக்க விடவில்லை, பாய்க்கு அழைத்துக்கொண்டோம்.

நுண்ணறிவு வினாத்தாளில் வருபவை பெரும்பாலும் இத்தகையவை. 2, 6, 12, 20, 30 என்று போனால் அடுத்தது என்ன? இடைவெளியைப் பாருங்கள்: 4, 6, 8, 10. அடுத்த இடைவெளி 12, ஆகவே விடை 42. கடிகாரக் கணக்கில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். 4.20 க்கு இரண்டு முள்ளுக்கும் இடையே எத்தனை பாகை? இரண்டும் நான்கிலே நிற்கும், பூச்சியம் என்று எழுதிவிடுவோம். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் சிறிய முள்ளும் நகர்ந்திருக்கும். அது நிமிடத்துக்கு அரைப் பாகை நகரும். ஆகவே விடை 10 பாகை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து முள்ளைத் திருப்பித்தான் இதைப் புரியவைத்தேன்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் இருப்பதும் நுண்ணறிவுதான். பிள்ளைகளின் பழைய வினாத்தாள்களில் தொடங்குங்கள். முன்பள்ளிச் சகோதரி ஒருவர் தன் மகனோடு போட்டிக்கு அமர்ந்து செய்கிறார். முதல் மாதம் மகன்தான் வென்றான். "வெட்கமாக் கிடக்கு அக்கா" என்று சிரித்தார். பொது அறிவுக்கு நூலகத்தில் நாளிதழ் வாசித்து நாளுக்கு ஐந்து குறிப்பு எழுதினால் போதும். ஒன்று மட்டும் மறவாதீர்கள். ஒரு வினாவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. என் 37 புள்ளிக்குக் காரணம் அதுதான்.

வினாத்தாளுக்கு முன்னரே பார்க்க வேண்டியது உங்கள் பெட்டியிலுள்ள சான்றிதழ்களை. நான் சொன்ன சகோதரியின் பிறப்பு காலங்கடந்தே பதியப்பட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயரின் கடைசியில் 'உம்மா' என்று இருக்கிறது. உயர்தரச் சான்றிதழிலும் பட்டத்திலும் 'பேகம்'. நேர்முகப் பரீட்சையில் இது இரண்டு ஆட்களாகத் தெரியும். ஆகவே இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்தோம். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கும் கொடுத்தோம். அங்கே போனபோதுதான் உம்மா இன்னொன்றைச் சொன்னார். கடதாசியில் பிறந்த மாதம் ஐப்பசி. "இவ ஐப்பசிப் புள்ள இல்ல மகள். பெரும்போகம் வெட்டிச் சூடடிக்கக்குள்ள பொறந்தவ. பதியப் போன ஆள் வாயில வந்ததச் சொல்லிட்டாரு." அப்படியானால் உண்மை வயது கடதாசி வயதைவிட நான்கைந்து மாதம் குறைவு. நிரூபிக்கக் கிளினிக் அட்டை வேண்டும். அது வீட்டோடு எரிந்துபோனது. பெயருக்குச் செய்ததைத் திகதிக்குச் செய்ய முடியவில்லை.

ஆகையால் ஐப்பசி வந்தால் இவருக்கு 35. உம்மாவின் கணக்கில் அடுத்த வேளாண்மை வெட்டு வரை நேரம் இருக்கிறது. பரீட்சைக்கு உம்மாவின் கணக்குச் செல்லாது.

வாழைச்சேனைத் தங்கச்சி ஒருவர், எல்லோரிலும் இளையவர், ஒருநாள் கேட்டார். "அக்கா, கம்பஸில் விரிவுரையாளராகப் போக இப்படிப் பரீட்சை இல்லையா?" இங்கே இல்லை. முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ உள்ள சிறப்புப் பட்டமும் நேர்முகமும்தான் வழி. வெளிவாரியாகப் பொதுப் பட்டம் எடுத்தவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இந்தியாவில் முறை வேறு. முதுகலைப் பட்டத்தில் 55 வீதம் எடுத்தவர் தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். அல்லது பல மாநிலங்களில் நடத்தப்படும் மாநிலத் தகுதித் தேர்வை எழுதலாம். சித்தியடைந்தால் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி பெறுவதற்கு உச்ச வயது எல்லை கிடையாது. பத்துத் தடவையும் எழுதலாம். அங்கே சமூகவியலும் ஒரு பாடம்! இதைச் சொன்னபோது அறையில் சற்று நேரம் பேச்சில்லை. அங்கேயும் இழுபறி உண்டு. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் நடக்கவிருந்த மாநிலத் தகுதித் தேர்வு தள்ளிப்போய் 2025 மார்ச்சில்தான் நடந்தது. ஆனால் தள்ளிப்போன ஒன்பது மாதத்தில் வயதால் வெளியே போனவர் எவரும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது அதுதான்.

எழுத்துப் பரீட்சையில் தேறினால் நேர்முகம், பின்பு செயன்முறை. சில நிமிடங்கள் கரும்பலகை முன் நின்று ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நடுவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கக்கூடும். எமது பெண்களுக்கு நுண்ணறிவைவிட இதுதான் பயம். ஆகவே வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும் என்று விதி வைத்தோம். அந்த 34 வயதுச் சகோதரி முதல் வாரம் சுவரைப் பார்த்தே பேசினார். இரண்டாம் வாரம் உம்மாவைப் பார்த்துப் பேசினார். நான்காம் வாரம் நீர் வட்டத்தைப் படிப்பித்தார். ஆவியாதல் பற்றிச் சொல்ல முகத்திரையை உயர்த்திச் சுடுதண்ணீர்க் கோப்பையை எல்லோர் முன்னும் நீட்டினார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவி பட்டதாம்.

பரீட்சை நிலையம் பெரும்பாலும் மட்டக்களப்பு நகரில், முப்பது கிலோமீற்றருக்கு அப்பால். காலை ஒன்பது மணிக்கு இருக்க வேண்டுமெனில் ஆறு மணி பஸ்ஸில் ஏறியாக வேண்டும். யாருடைய பிள்ளையை யார் பார்ப்பது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். இரண்டு குழந்தைகள் அந்த உம்மாவிடம்.

வெள்ளிதோறும் வர்த்தமானி வருகிறது. மாகாண அறிவித்தல் வர்த்தமானியில் வராமல் மாகாண இணையத்தளத்திலும் பத்திரிகையிலும் வருவதுண்டு, அதையும் பார்க்க வேண்டும். ஏழு பேரும் முறை வைத்துப் பார்க்கிறார்கள். சென்ற வெள்ளி கடைக்கணக்குச் சகோதரியின் முறை. இரவு எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ராத்தா, எங்கட இல்ல."

ஐப்பசிக்கு இன்னும் ஏழு வெள்ளி இருக்கிறது. நாளை அஸருக்குப் பிறகு வகுப்பு. கடிகாரக் கணக்கில் பாதி மீதியாக இருக்கிறது.